கையடக்கச் செயலியும் அதன் வாழ்க்கைப் படிகளும்

ஒரு தாய் தம் மகளுக்காகப் புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றைக் கையடக்கத் தொலைபேசியிலே நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று கொள்க. விண்ணப்பம் அனுப்புவதற்கு அன்றே இறுதி நாள். பெயர், முகவரி, பிறந்த திகதி, பரீட்சைப் பெறுபேறு, குடும்ப வருமானம் என்று ஒவ்வொன்றாய், பழக்கமில்லாத விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, அரைமணி நேரத்தின் பின் கடைசிக் கட்டத்தை வந்தடைகிறார். அங்கே பிறப்புச் சான்றிதழின் படம் கேட்கப்படுகிறது. தொலைபேசியின் கமெராவைத் திறந்து படம் எடுக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் விண்ணப்பம் வெறுமையாய் நிற்கிறது. நிரப்பிய கட்டங்களுள் ஒன்றிலேனும் ஓர் எழுத்தும் இல்லை. "என்ரை கைதான் எங்கேயோ பட்டுவிட்டது" என்று அத்தாய் தம்மையே நொந்துகொள்கிறார்.

அவருடைய கை எங்கும் படவில்லை. அவர் செய்த பிழை யாதும் இல்லை, தொலைபேசியும் பழுதானதன்று. அச்செயலியை ஆக்கியவர், அது எந்நேரமும் இடைநிறுத்தப்படலாம் என்பதையும், சொல்லாமற் கொள்ளாமல் முற்றாக அழிக்கப்படலாம் என்பதையும் கருத்திற்கொள்ளாது எழுதிவிட்டார். கையடக்கத் தொலைபேசியில் வாழும் செயலி ஒவ்வொன்றும் கற்கவேண்டிய முதற்பாடம் ஒன்று உண்டு. தன்னுடைய ஆயுள் தன் கையில் இல்லை என்பதே அப்பாடம். அதன் விரிவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருள் சொந்த வீட்டில் வாழ்பவரைப் போன்றது. பாவனையாளர் திறக்கும்போது அது பிறக்கிறது. அவர் மூடும்வரை வாழ்கிறது. மூடுவதற்கு முன்னும், எழுதியதைச் சேமிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டே விடைபெறுகிறது. நினைவகம் போதாதபோது கணினி அதன் ஒரு பகுதியை வன்தட்டிலே ஒதுக்கிவைத்துத் தேவையானபோது மீட்டுக்கொள்கிறது. ஆகவே அங்கே ஒரு மென்பொருளுக்கு இடமில்லையென்று அதனை அழிக்கவேண்டிய நிலை அரிதாகவே ஏற்படும்.

கையடக்கக் கருவிகள் வளர்ந்த வழியோ வேறு. 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த பைலட் 1000 என்னும் சட்டைப்பைக் கருவி 128 கிலோபைட் நினைவகமே உடையது. அதன் திரையிலே ஒருநேரத்தில் ஒரு செயலிக்கு மட்டுமே இடம். பாவனையாளர் பிறிதொன்றை நாடினால், முன்னையது தன் வேலையைத் தானே எழுதிவைத்துவிட்டு விலகிக்கொள்ளும். அதனால் அக்கருவியில் எழுதியதைச் சேமிக்கும்படி தனியாக ஒரு கட்டளை இடவேண்டியிருக்கவில்லை. 2008 ஆம் ஆண்டு ஜூலையில் அப்பிள் நிறுவனம் பிறர் ஆக்கிய செயலிகளை ஐபோனுக்குள் அனுமதித்தது. அப்பொழுதும் முகப்புப் பொத்தானை அழுத்திய அக்கணமே அச்செயலியின் வாழ்வு முடிந்துவிடும். 2010 இல் ஐஓஎஸ் 4 வெளிவந்த பின்னரே அவை பின்னணியில் தங்குவதற்கு வழி பிறந்தது. 2008 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசியோ 192 மெகாபைட் நினைவகத்துடன் தொடக்கத்திலிருந்தே பல செயலிகளுக்கு இடங்கொடுக்க முயன்றது. இத்துணைச் சிறிய இடத்திலே பலரை வைத்துப் பேணுவது எங்ஙனம் என்னும் கேள்விக்கு அன்ட்ரொயிட் கண்ட விடையே இங்கு விளக்கப்படுகிறது.

முன்னாளில் வழிப்போக்கர் தங்கிச் சென்ற மடங்களை நேயர்கள் அறிவர். மடத்திலே வருபவர் எவரையும் வேண்டாமென்று சொல்வதில்லை. ஆனால் இடம் நிறைந்துவிட்டால், புதிதாய் வந்தவருக்காக முன்னே தங்கியவர் ஒருவர் எழுந்து போகத்தான் வேண்டும். அன்ட்ரொயிட் என்னும் இயங்குதளமும் இத்தகைய மடமே. பாவனையாளர் எந்தச் செயலியைத் தொட்டாலும் அதற்கு உடனே இடம் கொடுக்கப்படும். இடம் இல்லையெனின் முன்னே இருந்த ஒன்று அகற்றப்படும்.

யாரை முதலில் அகற்றுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. பாவனையாளர் இப்பொழுது தொட்டுக்கொண்டிருக்கும் செயலி முதல் வரிசையிலே நிற்கிறது. அதனை அகற்றுவது கடைசிக் கட்டத்திலேதான். கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது பின்னே நிற்பது இரண்டாவது. திரையில் இன்றிப் பின்னணியிலே கோப்பு ஒன்றை அனுப்புதல் போன்ற பணியைச் செய்துகொண்டிருப்பது மூன்றாவது. பாவனையாளர் விட்டுச்சென்றபின் ஒரு வேலையுமின்றி நினைவகத்திலே காத்துக்கிடப்பது நான்காவது. இடம் போதாதபோது முதலிலே பலியாவது இந்த நான்காம் வரிசையினரே. அத்தாய் கமெராவைத் திறந்தபோது, விண்ணப்பச் செயலி முதல் வரிசையினின்றும் நான்காம் வரிசைக்கு இறங்கிற்று. கமெராவோ பெருந்தீனிக்காரன், நினைவகத்தை நிறைய விழுங்கும். தொலைபேசி சிறியதாயின், விண்ணப்பம் அழிக்கப்பட அதுவே போதுமானது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அகற்றுவதற்கு முன் அச்செயலிக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தால் என்ன? கொடுப்பதற்கில்லை. நினைவகம் தீர்ந்துபோன வேளையிலே, போகவேண்டியவரை எழுப்பி, மூட்டை கட்டச் சொல்லி, அவர் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தால், அதற்கே இன்னும் இடமும் நேரமும் வேண்டும். முன்னே நிற்பவரோ அதுவரை திரை உறைந்துபோய்த் தவிப்பார். ஆதலால் இயங்குதளம் அச்செயலியை ஒரே வெட்டில் முடித்துவிடுகிறது. அன்ட்ரொயிட்டை உருவாக்கியோருள் ஒருவராகிய டயான் ஹக்போர்ன் என்னும் பொறியியலாளர் 2010 ஆம் ஆண்டு இம்முறையை விளக்கி எழுதினார். பாவனையாளர் செயலிகளைத் திறப்பதும் மூடுவதுமாய் அல்லற்படக்கூடாது. இயங்குதளம் ஒன்றை அழித்தாலும், திரும்பி வருபவருக்கு அது என்றும் அழியாமல் இருந்தது போலவே தோன்றவேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். இத்தோற்றத்தை உண்டாக்குவதில் இயங்குதளத்தின் பங்கு ஒரு பாதி. செயலியை ஆக்குபவரின் பங்கு மறுபாதி. அத்தாயின் விண்ணப்பத்திலே தவறிப்போனது இந்த மறுபாதியே.

வெட்டு விழும் நேரத்திலே எச்சரிக்கை இல்லையாயினும், அதற்கு முன் அறிகுறிகள் பல உண்டு. அன்ட்ரொயிட்டிலே திரையில் தோன்றும் ஒவ்வொரு பக்கமும் அக்டிவிட்டி எனப்படும். அதன் வாழ்விலே ஆறு கட்டங்களில் இயங்குதளம் அதனை அழைத்துச் செய்தி சொல்கிறது. பக்கம் பிறக்கும்போது வருவது ஒன்கிரியேட். கண்ணுக்குத் தெரியும்போது ஒன்ஸ்டார்ட். பாவனையாளரின் கைக்கு எட்டும்போது ஒன்ரெஸ்யூம். இவை ஏறும் படிகள். கையினின்றும் நழுவும்போது ஒன்போஸ், கண்ணினின்றும் மறைந்தபோது ஒன்ஸ்டொப், இறக்கும்போது ஒன்டிஸ்ட்ரோய். இவை இறங்கும் படிகள். ஏறும் படி ஒவ்வொன்றுக்கும் நேராக இறங்கும் படி ஒன்று உண்டு. ஏறும்போது எடுத்ததை அதே தட்டிலே இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது முதலாவது விதி.

இவ்விதியை மீறுவோர் படும்பாடு பெரிது. ஒன்ரெஸ்யூம் படியிலே கமெராவைப் பற்றிக்கொண்ட செயலி ஒன்போஸ் படியில் அதனை விடாவிட்டால், அடுத்துவரும் செயலி கமெராவைத் திறக்கமுடியாது திகைக்கும். இருக்குமிடத்தைக் கண்டறியும் கருவியை இயக்கிவிட்டு நிறுத்த மறந்த செயலி, சட்டைப்பைக்குள் கிடந்தபடியே மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும். இணையத்திலே ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு, அது வந்துசேருமுன் பக்கம் இறந்துவிட்டால், வந்த செய்தி இல்லாத பக்கத்திலே எழுத முயன்று செயலியையே வீழ்த்திவிடுவதும் உண்டு. இறந்த பக்கத்தை எவரேனும் இன்னும் பற்றிக்கொண்டிருந்தால், அது பிடித்திருந்த நினைவகம் விடுபடாமல் வீணே கிடக்கும்.

படிகளின் பொருளைச் சரியாக அறிவதும் வேண்டும். ஒன்போஸ் என்பது மிகக் குறுகிய படி. அதன் வேலை முடியும்வரை அடுத்த பக்கம் முன்னே வரமுடியாது. ஆகையால் அங்கே பெருங்கோப்புகளை எழுதுவதும் இணையத்தோடு பேசுவதும் தகா. மேலும், கையை விட்டு நழுவியது எல்லாம் கண்ணை விட்டு மறைந்ததாகாது. 2016 இல் வந்த அன்ட்ரொயிட் 7 ஒரே திரையில் இரு செயலிகளை அருகருகே வைக்க வழிசெய்தது. அப்பதிப்பிலே ஒருநேரத்தில் ஒன்று மட்டுமே ஒன்ரெஸ்யூம் படியில் நிற்கும். மற்றையது கண்ணுக்குத் தெரிந்தபடியே ஒன்போஸ் படிக்கு இறங்கியிருக்கும். ஒன்போஸ் வந்தவுடன் காணொளியை நிறுத்திவிடும் செயலிகள், பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணெதிரே உறைந்து நின்றன. காணொளியை நிறுத்தவேண்டிய இடம் ஒன்ஸ்டொப். 2019 இல் அன்ட்ரொயிட் 10 இரு செயலிகளும் ஒருங்கே ஒன்ரெஸ்யூம் படியில் நிற்க இடமளித்ததாயினும், படியின் பொருளறிந்து நடக்கும் விதி மாறவில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விதி. ஒன்டிஸ்ட்ரோய் என்னும் கடைசி அழைப்பு வந்தே தீரும் என்று நம்பியிருத்தல் ஆகாது. செயலி வெட்டுண்டு போகும்போது அவ்வழைப்பு வருவதில்லை. 2011 இல் வந்த அன்ட்ரொயிட் 3 தொடங்கி, ஒன்ஸ்டொப் முடியும்வரை செயலி அழிக்கத்தக்கதாகக் கருதப்படுவதில்லை. அது முடிந்தபின் எந்தக் கணமும் அழிவு வரலாம். எனவே மடத்திலே தங்குபவர், போகச் சொல்லும்போது மூட்டை கட்டலாம் என்று இராமல், திண்ணைக்கு வரும்போதே மூட்டையைக் கட்டிவைத்தல் வேண்டும்.

அம்மூட்டையிலே எதனை வைப்பது? இவ்விடத்திலேதான் அனுபவமுள்ளோரும் வழுக்குவர். செயலி காக்கவேண்டியவை மூவகைப்படும்.

முதலாவது வகை, பக்கம் மீண்டும் பிறக்கும்போது கைக்கு எட்டவேண்டிய பொருள்கள். தொலைபேசியைக் குறுக்காகத் திருப்பினால், அன்ட்ரொயிட் வழக்கமாக அப்பக்கத்தை அழித்துப் புதிய அளவுக்கேற்ப மீண்டும் படைக்கிறது. செயலியோ இறக்கவில்லை, அதன் ஒரு பக்கமே இறந்து பிறக்கிறது. இணையத்தினின்றும் எடுத்த பட்டியலை ஒவ்வொரு திருப்பத்திலும் மீண்டும் எடுப்பது வீண்வேலை. இதற்கென 2017 இல் கூகிள் அறிமுகப்படுத்திய வியூமொடல் என்னும் பெட்டகம், பக்கம் இறந்து பிறந்தாலும் தான் இறவாது பொருளைக் காத்துநிற்கும். ஆயினும் அது நினைவகத்திலே வாழ்வது. செயலியே வெட்டுண்டால் அதுவும் கூடவே மாயும்.

இரண்டாவது வகை, பாவனையாளர் நின்ற இடத்தைக் காட்டும் சிறு குறிப்புகள். எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, எந்தத் தெரிவு என்பன இவை. பக்கம் பார்வையை விட்டு நீங்கும்போது அவற்றைப் பண்டில் என்னும் சிறு பொதியிலே இட்டு இயங்குதளத்திடம் ஒப்படைக்கலாம். செயலி அழிந்தபின்னும் இயங்குதளம் அப்பொதியைக் காத்து, திரும்பிப் பிறக்கும்போது ஒன்கிரியேட் படியிலே கையிற் கொடுக்கும். ஆனால் பொதி சிறிதாயிருத்தல் வேண்டும். அது செல்லும் வழி, செயலி முழுவதற்கும் பொதுவான ஏறக்குறைய ஒரு மெகாபைட் அளவான வழியே. அதிலே படங்களைத் திணிக்க முயன்ற செயலிகள் வீழ்ந்தன. அன்றியும், பாவனையாளர் தாமே அச்செயலியைத் தள்ளி அகற்றிவிட்டால், வேண்டாமென்றே விட்டார் என்று கொண்டு இயங்குதளம் அப்பொதியை எறிந்துவிடும்.

மூன்றாவது வகை, பாவனையாளர் உழைத்துத் தேடிய பொருள். அரைமணி நேரம் தட்டிய விண்ணப்பம் இவ்வகையைச் சேர்ந்தது. அதனை நினைவகத்தையோ பொதியையோ நம்பி விடலாகாது. தொலைபேசியின் நிலையான சேமிப்பிலே, ஒரு கட்டம் நிரம்பியதும் ஒருமுறை என்று எழுதிக்கொண்டே வருதல் வேண்டும். மின்கலம் தீர்ந்து தொலைபேசியே அணைந்தாலும் இவ்வாறு எழுதியது நிற்கும்.

அத்தாயின் செயலியிலே என்ன நடந்திருக்கும் என்பதை இப்பொழுது ஊகிக்கலாம். எழுத்துப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் இடப்பட்டிருந்தால், அதிலுள்ள எழுத்தை அன்ட்ரொயிட் தானே பொதியிலே சேர்த்துக் காக்கும். பெயரிடாத பெட்டியை அது மீட்டுக்கொடுப்பதில்லை. விடைகளையெல்லாம் வியூமொடலிலே வைத்து, தொலைபேசியை இருமுறை திருப்பிப் பார்த்து, எல்லாம் நிற்கிறது என்று ஆக்குநர் திருப்தியடைந்திருக்கவும் கூடும். திருப்புதல் என்னும் சிறு சோதனையிலே தேறியது, வெட்டுதல் என்னும் பெருஞ்சோதனையிலே தோற்றது. எடுத்த படத்தைக் கமெரா எங்கே வைத்தது என்னும் குறிப்பைக்கூட நினைவகத்திலே மட்டும் வைத்திருந்தால், படமும் சேர்ந்தே காணாமற் போயிருக்கும்.

ஐபோனிலும் கதை ஏறக்குறைய இதுவே. பெயர்கள் மட்டும் வேறு. அங்கே செயலி இயங்காநிலை, முனைப்பற்ற நிலை, முனைப்பு நிலை, பின்னணி நிலை, உறைநிலை என ஐந்து நிலைகள் கூறப்படும். தொலைபேசி அழைப்பு ஒன்று வந்து திரையை மறைத்தால் செயலி முனைப்பற்ற நிலையை அடையும். பின்னணிக்குப் போகும்போது மூட்டை கட்டுவதற்கு அதற்கு ஏறக்குறைய ஐந்து விநாடிகளே உண்டு. அதன் பின் உறைநிலை. உறைந்தது அழிக்கப்படும்போது அதற்கு ஒரு சொல்லும் சொல்லப்படுவதில்லை. பின்னணிக்குப் போகும் செயலியின் திரையை ஐஓஎஸ் ஒரு படமாகப் பிடித்து, செயலிகளின் வரிசையிலே காட்டும். வங்கிச் செயலி தன் கணக்கு மீதியை அதற்குமுன் மறைக்காவிட்டால், அடுத்திருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் அது தெரியும். இறங்கும் படியிலே நினைவில் வைக்கவேண்டியதொன்று இதுவுமாகும்.

இவ்வளவு விதிகள் வெளிப்படையாக இருந்தும் இப்பிழை ஏன் தொடர்கிறது? அதற்கு ஒரு காரணம் உண்டு. செயலியை ஆக்குபவரின் மேசையிலே இருப்பது பெரும்பாலும் புதிய தொலைபேசி. அதன் நினைவகம் விசாலமானது. அம்மடத்திலே இடநெருக்கடியே வருவதில்லை, எவரும் அகற்றப்படுவதில்லை. ஆகவே பிழை அவர் கண்ணுக்கு ஒருபோதும் தெரிவதில்லை. அது தெரிவது, பழைய தொலைபேசியை இன்னும் சில காலம் ஓட்டவேண்டியவருக்கும், மலிவான தொலைபேசியையே வாங்க இயன்றவருக்கும்தான். ஒரு கிகாபைட்டும் அதற்குக் குறைவுமான நினைவகம் கொண்ட தொலைபேசிகளுக்கென்றே 2017 இல் கூகிள் அன்ட்ரொயிட் கோ என்னும் பதிப்பை வெளியிட்டது. அத்தகைய தொலைபேசியிலே புலமைப்பரிசில் விண்ணப்பத்தை நிரப்புபவர் யார், அவருக்கு அப்பணம் எவ்வளவு வேண்டியது என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் நுட்பக் குறைபாடன்று என்பது விளங்கும். வசதி படைத்தவருக்கு வழுவாது நின்று, வசதி குறைந்தவரை மட்டும் கைவிடும் செயலி, சரியாக இயங்குகிறது என்று சொல்லத்தக்கதன்று.

இப்பிழையைக் கண்டுபிடிக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. அன்ட்ரொயிட் தொலைபேசியிலே ஆக்குநருக்கென ஒதுக்கப்பட்ட அமைப்புகளுள், பார்வையை விட்டு நீங்கிய பக்கத்தை உடனே அழித்துவிடும் தெரிவு ஒன்று உண்டு. அதனை இயக்கிவிட்டுச் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அது பக்கத்தை மட்டுமே அழிக்கும். ஆகையால், செயலியைப் பின்னணிக்கு அனுப்பியபின் கணினியினின்றும் ஒரு கட்டளையால் அதனை முற்றாக வெட்டிவிட்டு, மீண்டும் திறந்தும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நின்று இவ்வாறு செய்தால், எங்கே எழுத்து மறைகிறது என்பது அரைநாளிலே தெரிந்துவிடும். யாரேனும் ஒரு பழைய தொலைபேசியைக் கடன் வாங்கி, கமெராவையும் வரைபடத்தையும் திறந்து மூடிப் பார்த்தாலும் போதும்.

அத்தாய் மறுபடியும் முதற்கட்டத்தினின்றும் தட்டத் தொடங்குகிறார். நள்ளிரவுக்குள் முடித்தாரோ, இடையிலே இன்னொரு முறை அழிந்துபோகக் கண்டு கைவிட்டாரோ, செயலியை ஆக்கியவருக்கு அது தெரியவரப்போவதில்லை. இத்தகைய பிழையைப் பற்றி முறைப்பாடுகூட எழுவதில்லை. தம் கையே பிழை செய்தது என்று எண்ணுபவர் எவரிடம் போய் முறையிடுவார்? அவ்வாறு முறையிடாதவருக்காகவே செயலி தன் மூட்டையை முன்கூட்டிக் கட்டிவைத்தல் வேண்டும். அவ்வாறு கட்டிவைத்திருந்தால், அவர் கமெராவை மூடிவிட்டுத் திரும்பும்போது மகளின் பெயரும் பெறுபேறும் இட்ட இடத்திலேயே இருக்கும். இடையிலே ஒரு செயலி இறந்து பிறந்தது என்பதை அவர் அறியவேண்டியதே இல்லை.